மில்லுபுரத்துக்கு ஒரு மனு

எங்கள் காம்பவுண்டில் எட்டுக் குடித்தனம், ஒரே குழாய். விடிந்து தண்ணீர் வருவதற்கு முன்பே குடங்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் கடைசிக் குடம் எப்போதும் அக்காவுடையது. அவள் தாமதமாக எழுந்து வருகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாருக்கும் முன்னால் எழுந்து வருகிறவளே அவள்தான். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நிற்பாள். எல்லாரும் வந்து வைத்த பிறகு, தன் குடத்தைக் கடைசியில் கொண்டுபோய் வைப்பாள்.

“தண்ணி நின்னு போச்சுன்னா என்னக்கா செய்வீக?” என்று நான் தினமும் கேட்பேன். தண்ணீர் நின்றுவிடும், அரிசி தீர்ந்துவிடும், போனவர் வராமலிருந்துவிடுவார் என்று எனக்கு எந்நேரமும் ஏதாவது ஒரு பயம்.

“யார்னா ஒருத்தர் கடைசில நின்னுதானே ஆவணும் தங்கச்சி. அது நானா இருந்துட்டுப் போறேன்” என்பாள்.

அக்காவுக்குப் பெயர் உண்டு. எழுதினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருந்தது அந்தக் காம்பவுண்ட். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். என் வீட்டுக்காரருக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வேலை. அக்காவின் குடும்பம் மூன்று தலைமுறையாக மயிலாப்பூரிலேயே இருந்த முஸ்லிம் குடும்பம். தையல்கடைக்காரர் அனுப்பும் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்க்கெட்டுக்கு அவளோடு போனால் எனக்கு எரிச்சல் வரும். கூடையின் அடியில் கிடக்கும், யாரும் எடுக்காத வளைந்த கத்தரிக்காயாகப் பார்த்துப் பொறுக்குவாள். “காலைலேர்ந்து எல்லாரும் இத்தத் தள்ளிட்டுத் தள்ளிட்டுப் போயிக்கிறாங்க. அதுக்கும் ஒரு மனசு கீது” என்பாள். கத்தரிக்காய்க்கு என்ன மனசு என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

அவள் புருஷன் கப்பலில் சமையல்காரராகப் போனவர். யுத்த காலத்தில் அவர் போன கப்பல் சீமைக் கரைக்குப் பக்கத்தில் மூழ்கிவிட்டது. ஒரு கால் ஒடிந்து, அங்கே மில்பரோ என்ற ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தார். பிறகு அந்த ஊரிலேயே ஒரு கிழவர் வீட்டில் ஒண்டிக்கொண்டார். அந்தக் கிழவருக்கு அவ்வூர்ப் பந்தாட்டக் கிளப்பின் மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. புல் வெட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, ஆட்டக்காரர்களின் பனியன்களைத் துவைப்பது.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். காம்பவுண்டில் பகல் நேரத்தில் இருக்கிற படிப்பு அவ்வளவுதான். ஆகவே அவள் புருஷன் எழுதும் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

முதல் கடிதங்களில் பாதி கறுப்பு மசிதான். எந்த ஊர், எந்தக் கடல், என்ன குண்டு என்று எழுதிய இடங்களையெல்லாம், தமிழ் படித்த எவனோ ஒரு சர்க்கார் ஆள் உட்கார்ந்து அடித்துவிட்டிருந்தான். அடிக்காமல் விட்டது பந்தாட்டத்தை மட்டும். அதைப் புரிந்துகொண்ட அவள் புருஷனும் பந்தாட்டத்தை மட்டுமே எழுத ஆரம்பித்தார். கிழவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளப்பின் கதையைச் சொல்வாராம். இவர் அதை அப்படியே எழுதிவிடுவார். ஒரு கடிதத்துக்கு ஒரு வருஷத்துக் கதை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, காம்பவுண்டின் நடுவில் இருந்த பூவரச மரத்தடியில் பாயைப் போடுவோம். அக்காவின் மடியில் சட்டைகள், வாயில் ஊசி. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். தூரத்தில் டிராம் மணி. சாந்தோம் பக்கமிருந்து கடற்காற்று கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும். கண் சொக்கும்.

அந்தக் கிளப்பை ஆரம்பித்தவர்கள் எரிவாயு ஆலைக் கூலிகள். சர்ச்சுக்குப் பின்னால் யாருக்கும் வேண்டாத ஒரு சரிவான நிலம் அவர்களுக்குக் கிடைத்தது. ஒரு பக்கம் உதைத்தால் பந்து தானாக ஓடி ஓடைக்குள் போய்விடும். ஓடையில் வாத்துகள். பந்தை எடுத்து வருவதற்கென்றே ஒருவன் முழங்காலளவு தண்ணீரில் நிற்பானாம். முதலில் அவர்களுடைய பனியன் வெள்ளை. சலவைக்காரி யாருடைய சிவப்புப் பாவாடையையோ கூடச் சேர்த்து வெளுத்துவிட, பதினொரு பனியனும் ரோஸ் நிறமாகிவிட்டன. புதிது வாங்க வழியில்லாமல் அதுவே கிளப்பின் நிறமாகிவிட்டது. கோல் போட்டால் அடிப்பதற்கு ஒரு மணி கட்டியிருந்தார்கள். அடிக்கிற சந்தர்ப்பம் அடிக்கடி வராததால் அதன் நாக்கு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. ஒரு வருஷம் ஆட்டம் பார்க்கிறவர்கள் உட்காரும் மரக் காலரி தீப்பிடித்து எரிந்தது. ஒரே ஒரு பெஞ்சு தப்பியது. அந்த பெஞ்சில் இன்றும் கிழவர்கள் முறை வைத்து உட்காருகிறார்களாம்.

“பதினொன்னுக்கு சைபர் தோத்தாங்களே, அது எந்த வருசம்?” என்று அக்கா கேட்பாள்.

“கசாப்புக்கடைக்காரர் கோல்கீப்பரா இருந்த வருசம்க்கா.”

“ஆங். பாவம் அந்த மனுசன். மறுநாள் கறி வாங்க யாரும் வரமாட்டாங்கன்னு கடைய மூடிட்டு உள்ள குந்திக்கினாரே. ஊரே வந்து கதவத் தட்டி வாங்கிக்கினு போச்சே.” இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் கண் கலங்கும். எத்தனை தடவை சொன்னாலும் அந்த இடத்தில் கலங்கும்.

மில்பரோ என்பது அக்காவின் வாயில் மில்லுபுரம் ஆகிவிட்டது. காம்பவுண்டில் எல்லாருக்கும் அப்படியே. அபிராமபுரத்துக்கு அடுத்தாற்போல ஒரு ஊர் மாதிரி அதைப் பேசிக்கொள்வோம். “மில்லுபுரம் என்னாச்சு?” என்று பால்காரர்கூடக் கேட்பார். எனக்கும் அப்படித்தான். பாயில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினால், தெப்பக்குளத்தின் படிக்கட்டுகளே அந்தச் சரிவாகத் தெரியும். ரோஸ் பனியன்காரர்கள் படி படியாக இறங்குவார்கள். கீழே பச்சைத் தண்ணீரில் வாத்துகள் விலகி வழிவிடும். சத்தமே இராது.

சாந்தோம் மைதானத்தில் பந்தாட்டம் நடக்கிறதென்று ஒரு நாள் என் வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் கூட்டிப்போனார். அக்கா முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு கடைசிவரை நின்றாள். நான்கு கோல் வாங்கித் தோற்றவர்கள் வெளியே வந்தபோது கை தட்டியது அவள் ஒருத்திதான். ஜெயித்த பக்கத்தான் ஒருவன் திரும்பிப் பார்த்து, “இன்னாக்கா, உன் தம்பியா அதுல?” என்று கேலி செய்தான். “பதினொரு பேரும் என் தம்பிங்கதாண்டா நைனா” என்றாள் அவள்.

ஒரு கடிதத்துக்கு ஒரு வருஷம் என்றால் கதை ஒரு நாள் தீர்ந்துதானே ஆக வேண்டும்? நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். கதை இந்த வருஷத்துக்கு வந்து சேரும்போது, யுத்தமும் முடிந்துவிடும், அவரும் வந்துவிடுவார் என்று என் கணக்கு. யுத்தம் முடிந்தது. கறுப்பு மசி நின்றது. கதையும் நிகழ்காலத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் மட்டும் வரவில்லை. கிழவருக்கு முட்டி மடங்கவில்லை, புல் வெட்ட ஆளில்லை, இந்த ஒரு வருஷம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுதினார்.

அதற்கடுத்த கோடையில்தான் அந்தக் கடிதம் வந்தது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம். படிக்கப் படிக்க என் குரல் தழைந்துவிட்டது.

மில்லுபுரம் அந்த வருஷம் கடைசி இடத்தில் நின்றுவிட்டது. அந்த லீக்கில் ஒரு வழக்கம் உண்டாம். கடைசியில் நிற்கிறவர்கள் மறு வருஷமும் ஆட வேண்டுமென்றால் மற்ற கிளப்புகளிடம் போய் ஓட்டுக் கேட்க வேண்டும். ஓட்டுக் கிடைக்காவிட்டால் வெளியே. அவர்கள் இடத்துக்கு வேறு ஊர் வந்துவிடும். ‘வெளியே தள்ளிவிட்டால் மைதானத்தை ஆலைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். எனக்கும் இங்கே வேலை இல்லை. அடுத்த கப்பலில் வந்துவிடுவேன். ஓட்டுக் கிடைத்துவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் என்று சொல்ல முடியாது. இன்னும் ஐந்து வாரத்தில் கூட்டம்.’

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. “அக்கா, ஓட்டுக் கெடைக்காதுக்கா! இவ்வளவு தோத்தவகளுக்கு யாரு ஓட்டுப் போடுவாக? அண்ணன் வந்துருவாக!”

அக்கா ஊசியை வாயிலிருந்து எடுத்துச் சட்டையில் குத்தி வைத்தாள்.

“மனு எழுதணும்” என்றாள்.

“என்ன மனு?”

“ஓட்டுப் போடச் சொல்லி. தள்ளாதீங்கன்னு.”

“அக்கா, புரிஞ்சுதான் பேசுதீகளா? அவுக நிலைச்சா அண்ணன் வரமாட்டாக.”

“தெரியும் தங்கச்சி.” அவள் சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். “ரொட்டிக் கிடங்குலேர்ந்து தள்ளினாங்க, வந்தாரு. ஓட்டல்லேர்ந்து தள்ளினாங்க, வந்தாரு. அடையாத்துல தொர பங்களாலேர்ந்து தள்ளினாங்க, வந்தாரு. ஒவ்வொரு தபாவும் வந்து அந்தச் சுவத்தப் பாத்துக்கினு குந்திக்கினு இருப்பாரு. மாசக்கணக்கா. சோத்தப் போட்டா துன்றது, இல்லாட்டி இல்ல. கூப்டா திரும்பமாட்டாரு. கப்பலுக்குத்தான் அவரா போனாரு. மறுபடி தள்ளிவுட்டு வந்தாருன்னு வையி, அவரு வரமாட்டாரு. அவரு முதுகுதான் வரும். எனக்கு அது வேணாம். அவரா வரட்டும்.”

“வராமலே இருந்துட்டா?”

அவள் ஊசியைத் தேடினாள். ஊசி எதிரே சட்டையிலேயே இருந்தது.

மறுநாள் பதிவாபீஸ் வாசலில் மனு எழுதும் ஐயரிடம் போனோம். ஐயர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எங்களைப் பார்த்தார்.

“யார் மேல மனு?”

“யார் மேலயும் இல்ல சாமி. யாரையும் தள்ளவேணாம்னு மனு” என்றாள் அக்கா.

“அப்படி ஒரு மனு கிடையாதேம்மா. வீட்டைக் காலி பண்ணச் சொல்றாளா? வாடகைத் தகராறா?”

நான் நடந்ததைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “முப்பது வருஷமா இந்த வாசல்ல உக்காந்துண்டிருக்கேன். பட்டா மனு, பாகப்பிரிவினை மனு, ஜீவனாம்ச மனு எல்லாம் எழுதியாச்சு. பந்து விளையாடறதுக்கு மனு எழுதினதில்லை. அதுவும் சீமையில! அவா யாருன்னே தெரியாதே உங்களுக்கு?”

“ஏன் தெரியாது? அவுங்க மொத மொதல்ல பந்த ஒதச்ச நாள்லேர்ந்து தெரியும். கேளுங்க, சொல்றேன்” என்று அக்கா ஆரம்பித்துவிட்டாள். சரிவு நிலம், வாத்து, பனியன், துருப்பிடித்த மணி. கசாப்புக்கடைக்காரர் கதை வந்தபோது பக்கத்தில் பத்திரத்துக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாம் இடம்விட்டு நகர்ந்து வந்து சுற்றி நின்றார்கள். ஐயர் மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “கடையத் திறந்தானோல்லியோ?” என்று கேட்டார்.

“தொறந்தாரு சாமி. ஊரே கதவத் தட்டிச்சே.”

ஐயர் நல்ல காகிதமாக ஒன்றை எடுத்தார். இங்கிலீஷில் எழுதி, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டினார். அதில் ஒரு வரி மட்டும் அக்கா சொல்லச் சொல்ல அப்படியே எழுதியது: ‘யாராவது ஒருவர் கடைசியில் நின்றுதான் ஆக வேண்டும். நிற்பது அவர்கள் குற்றமல்ல.’

கையெழுத்து வாங்கக் கிளம்பினோம். காம்பவுண்டில் எட்டு வீடு, பூக்காரி, தையல்கடைக்காரர், ஜட்கா வண்டிக்காரர். பால்காரர்தான் முரண்டு பிடித்தார்.

“இன்னாக்கா நாயம் இது? வெள்ளக்காரன இங்கேர்ந்து போடான்னு ஊர்வலம் போய்க்கினு கீறேன். அவன் ஊர்ல அவன இருடான்னு நான் கைநாட்டு வைக்கணுமா?”

“அவன் ஊர்லதானேப்பா இருக்கச் சொல்றோம்? இங்கயா இருக்கச் சொல்றோம்?”

பால்காரர் யோசித்தார். பாயிண்ட் சரியாக இருந்தது. பால் கையைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலை மசியில் வைத்தார்.

மொத்தம் நாற்பத்தோரு பேர். நாற்பதும் முடிந்த பிறகு, காகிதத்தின் அடியில் மிஞ்சிய விரற்கடை இடத்தில், அக்கா தன் கட்டைவிரலை வைத்தாள். இடம் போதாமல் பாதி ரேகை காகிதத்தின் விளிம்புக்கு வெளியே போய்விட்டது.

வேறு விலாசம் தெரியாததால் அந்தக் கிளப்பின் விலாசத்துக்கே ஐயரிடம் உறையெழுதி வாங்கி என்னிடம் கொடுத்தாள். தபாலாபீஸ் போய் ஆகாயத் தபாலில் சேர்க்க வேண்டியது என் பொறுப்பு.

நான் சேர்க்கவில்லை.

அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டேன். இவளுக்குப் பைத்தியம், இவள் புருஷனை இவளே விரட்டுகிறாள், நாமாவது தடுப்போம் என்று முதல் நாள் தைரியமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாளிலிருந்து அது போய்விட்டது. அரிசி எடுக்கும்போதெல்லாம் கை உறையில் படும். மத்தியானம் கண்ணை மூடினால் தெப்பக்குளத்தில் வாத்துகள் இல்லை. ரோஸ் பனியன்காரர்கள் படியில் இறங்காமல் வரிசையாக என்னைப் பார்த்து நிற்பார்கள். அக்கா ஒரு தடவைகூட, போட்டாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஒன்பதாம் நாள் காலை குழாயடியில், அவள் குடம் பாதி நிரம்பும்போதே தண்ணீர் நின்றுவிட்டது. “பரவால்ல, பாதி கீதே” என்று தூக்கிக்கொண்டு போனாள். அந்தப் பாதிக் குடத்தைப் பார்த்ததும் நான் உள்ளே ஓடினேன். உறையை எடுத்துத் தவிட்டைத் தட்டி, தபாலாபீஸுக்குப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தேன். நேரத்துக்குப் போய்ச் சேருமா சேராதா என்று எனக்குத் தெரியவில்லை. எதை வேண்டிக்கொள்வது என்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த கடிதத்தைப் பிரித்தேன்.

‘ஓட்டுக் கிடைத்துவிட்டது. நிலைத்துவிட்டோம். உங்கள் மனு கூட்டம் முடிந்து நான்காம் நாள் வந்து சேர்ந்தது. கிளப் காரியதரிசி ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை. கிழவர் மயிலாப்பூர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கண்ணாடிச் சட்டம் போட்டு, பனியன் மாற்றும் அறையில், மைதானத்துக்குப் போகிற கதவுக்குமேல் மாட்டியிருக்கிறார்கள். ஆட இறங்குகிறவன் ஒவ்வொருவனும் எம்பித் தொட்டுவிட்டு இறங்குகிறான். நான் தினமும் அந்த அறையைக் கூட்டுகிறேன். உன் பாதிக் கட்டைவிரல் என் தலைக்குமேல் இருக்கிறது.’

அக்கா அந்தக் கடைசி வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு கடிதத்தை வாங்கி, அந்த வரி எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

சுதந்திரக் கொடி ஏற்றினார்கள். பால்காரர் காம்பவுண்டுக்கே இனிப்புக் கொடுத்தார். மழை வந்து போயிற்று. கடிதங்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. ஒவ்வொன்று வரும்போதும், கதவுக்குமேல் தொங்குகிற அந்தக் காகிதமே அவள் புருஷனை அங்கே பிடித்து வைத்துவிட்டது, அதை அனுப்பியவள் நான் என்று எனக்குத் தோன்றும். அடுத்த கோடையில் நான்கே வரியில் ஒன்று வந்தது. ‘மில்லுபுரம் இந்த வருஷம் கடைசியிலிருந்து மூன்றாவது. யாரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு வருஷம் இருக்கச் சொல்லி எல்லாரும் கையைப் பிடிக்கிறார்கள். கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன்.’

அவர் வந்தார். நரைத்து, ஒரு கால் விந்தி, ஒரு தகரப் பெட்டியோடு. காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் பூவரச மரத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், ஒவ்வொரு வீட்டு வாசலாக நின்று எல்லார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தார். அக்கா உள்ளே ஓடிப்போய் அந்தச் சுவரோரமாகத் தையல் துணி மூட்டைகளை அடுக்கி வைத்துவிட்டாள், உட்கார இடமில்லாதபடி. தேவையே இருக்கவில்லை. அவர் வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து, மில்லுபுரத்துக் கதையைப் பால்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் குழாயடியில் என்னால் தாங்க முடியவில்லை. அரிசி டின்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஒன்பது நாள் வைத்திருந்தேன், வேண்டுமென்றேதான் வைத்திருந்தேன் என்று சொல்லி அழுதேன்.

அக்கா என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். “அட பைத்தியம். சீக்கிரம் போயிருந்தா காகிதத்தோட காகிதமா கட்டி வச்சிருப்பாங்க. கடைசில போச்சு. அதான் எடம் பாத்து மாட்டிவச்சிக்கிறாங்க.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் அவளுடைய குடத்தைத் தூக்கிக்கொண்டு விந்தி விந்தி வந்தார். வரிசையை ஒருமுறை பார்த்தார். முன்னால் இருந்தவர்கள், “நீங்க வைங்க பாய்” என்று இடம் விட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே தாண்டிப்போய், கடைசியில் குடத்தை வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றார்.

குழாயில் தண்ணீர் நூலாகத்தான் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு குடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்குத் தண்ணீர் நிற்கவில்லை.